பெல்ஜிய பாணி கோதுமை பியரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது கூடி, சிறு ஆலைகளின் பியரை வாங்கிவந்து சுவைத்து மதிப்பெண் போட்டுப் பார்க்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெல்ஜிய பாணி கோதுமை பியர் மேசைக்கு வரும் நாளில் மட்டும் கேள்விகள் பெருகிவிடும். காரணம், அதில் நம் அடுக்களைச் சரக்கு ஒன்று இருக்கிறது: கொத்தமல்லி விதை. அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் மது வாங்க அதுதான் வயது வரம்பு.

இது என்ன பியர்? வழக்கமான பியரிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாப்பாட்டுக் கடைகளில் நாம் பார்க்கும் பியர் பெரும்பாலும் லாகர். பொன்னிறமாக, தெளிவாக இருக்கும். முளைகட்டிய பார்லியில் செய்து, குளிரில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். பெல்ஜிய பாணியில் தானியத்தில் ஏறத்தாழ பாதி முளைகட்டாத கோதுமை. மீதி முளைகட்டிய பார்லி. சில ஆலைகள் கொஞ்சம் ஓட்ஸும் சேர்க்கும். கொதி முடியப்போகும் நேரத்தில் நொறுக்கிய கொத்தமல்லி விதையும் காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். கசப்பு தரும் ஹாப்ஸ் பூ குறைவு, அதனால் கசப்பும் குறைவு. ஆல்கஹால் 4.5 முதல் 5.5 விழுக்காடு. லேபிளில் விட்பியர், பிளான்ஷ், பெல்ஜியன் ஒயிட் என்று எது போட்டிருந்தாலும் இந்தக் குடும்பம்தான்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்வதால் சுவைப்பவருக்கு என்ன பயன்?

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே ஹூகார்டன் என்று ஓர் ஊர். கோதுமை பியருக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்போன ஊர் அது. லாகர் பரவியதும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1950களில் கடைசி ஆலையும் நின்றுபோனது. பியேர் செலிஸ் என்பவர் அந்த ஊரின் பால்காரர். இளவயதில் அந்தக் கடைசி ஆலையில் கூடமாட வேலை செய்தவர். 1960களின் நடுவில் அவரே மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார். 1985இல் அவருடைய ஆலை தீப்பற்றி எரிந்தது. திரும்பக் கட்டுவதற்கு ஒரு பெரிய நிறுவனத்தின் பணம் வந்தது; பின்னாளில் ஆலையே அந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. செலிஸ் அமெரிக்காவுக்குப் போய் 1992இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் புதிய ஆலை திறந்தார். 2011இல் காலமானார்.

பயன் என்னவென்றால், இன்று உலகில் யார் இதைக் காய்ச்சினாலும் செலிஸ் மீட்டெடுத்த பாணியைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். மதிப்பிடுகிறவர் அந்த அளவுகோலை ஒருமுறையாவது நாக்கில் வாங்கியிருக்க வேண்டும்.

ஜெர்மன் கோதுமை பியரும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம்தான் மதிப்பெண்ணை அதிகம் கெடுக்கிறது. ஜெர்மன் வைட்ஸனில் கோதுமை முளைகட்டியது. குறைந்தது பாதி அளவு இருக்கும். மசாலா எதுவும் சேர்க்க மாட்டார்கள். அதில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் தருவது. பெல்ஜிய பாணியில் ஆரஞ்சும் கொத்தமல்லியும் முன்னால் நிற்கும். கிராம்பு லேசாக இருக்கலாம், பழுத்த வாழைப்பழம் தூக்கலாக வந்தால் காய்ச்சியவர் தவறான ஈஸ்ட்டைப் போட்டிருக்கிறார் அல்லது சூட்டைக் கவனிக்கவில்லை. பேரங்காடியில் கிடைக்கும் ஜெர்மன் பியரான எர்டிங்கர் அல்லது பவுலானர் ஒன்றையும், செலிஸ் தொடங்கிய, ஊர்ப் பெயரிலேயே வரும் ஹூகார்டன் பியர் ஒன்றையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். பிறகு குழப்பமே வராது.

எனக்கு கொத்தமல்லி வாசனை வந்தாலே சாம்பார்தான் நினைவுக்கு வருகிறது. நான் எப்படி நடுநிலையாக மதிப்பிடுவது?

எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது இதுதான். இது குறை என்று நான் நினைக்கவில்லை. கொத்தமல்லியைக் குழந்தைப் பருவத்திலிருந்து அறிந்த மூக்கு பெரிய சொத்து; அதைப் பழக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நம் சமையலில் மல்லியை வறுத்து, மிளகாயோடும் சீரகத்தோடும் பொடித்துத்தான் பெரும்பாலும் முகர்கிறோம். வறுத்தால் அதன் பூ வாசனை பின்வாங்கி, பருப்பு வறுபடுகிற மாதிரி ஒரு மணம் மேலே வரும். பியரில் விதையை வறுக்காமல் நொறுக்கிப் போடுகிறார்கள். அங்கே முன்னால் வருவது லினலூல் என்ற வாசனைப் பொருள். கொத்தமல்லி எண்ணெயின் பெரும்பங்கு அதுதான். அதன் மணம் பூவுக்கும் எலுமிச்சைத் தோலுக்கும் நடுவில் இருக்கும்.

இதை வீட்டிலேயே பழகலாம். மஸ்ஜித் இந்தியா பக்கம் எந்தச் சில்லறைக்கடையிலும் முழுக் கொத்தமல்லி கிடைக்கும். ஒரு தேக்கரண்டி எடுத்து அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நொறுக்கி, பாதியை வெந்நீரில் போட்டு மூடி வையுங்கள். மீதியை வறுத்து இன்னொரு குவளையில் அதேபோல் செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் மாற்றி மாற்றி முகருங்கள். பியரில் தேட வேண்டியது முதல் குவளையின் வாசனை. மூன்றாவதாக ஒரு குவளையில் கஸ்தூரி எலுமிச்சைத் தோல், நான்காவதில் பெட்டாலிங் ஸ்திரீட் சீன மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று வைத்துக்கொண்டால் பயிற்சி நிறைவாகிவிடும். சீனத் தோல் பியரில் போடும் கசப்பு ஆரஞ்சு அல்ல, மருந்து நெடி கூடுதலாக இருக்கும். ஆனாலும் பச்சைத் தோலுக்கும் காய்ந்த தோலுக்கும் உள்ள தூரத்தை அது நன்றாகக் காட்டும்.

இன்னொன்று. இந்தியாவிலிருந்து வரும் விதை சற்று நீள்வட்டம், மொராக்கோ விதை உருண்டை. வீட்டில் பியர் காய்ச்சுகிற அமெரிக்கர்கள் பலர் நம் இந்தியக் கடைகளைத் தேடிப்போய் நீள விதையை வாங்குகிறார்கள், எலுமிச்சை மணம் கூடுதல் என்று. அளவும் பெரிது ஒன்றுமில்லை: 20 லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை போடுவார்கள். கூடிப்போனால் சோப்பு நெடி வந்துவிடும். விதை சரியில்லை என்றால் செலரித் தண்டு மாதிரியோ பதப்படுத்திய இறைச்சி மாதிரியோ ஒரு வாடை வரும். இரண்டும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டிய குறைகள்.

நல்ல ரசத்தைக் குடித்ததும் மிளகு, சீரகம், புளி என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வோம். இந்த பியரில் கொத்தமல்லியும் அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் முகர்விலேயே "மல்லி!" என்று மேசையில் எல்லோரும் சொன்னால், என் கணக்கில் காய்ச்சியவர் கை மீறிவிட்டது.

எந்த வரிசையில் சுவைக்க வேண்டும்?

முதலில் மூக்கு. ஊற்றியவுடன் எழும் வாசனைகள் சில ஒரு நிமிடம்கூடத் தங்காது. அதனால் கிளாஸ் கைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். தோன்றியதை உடனே எழுதுங்கள்.

அப்புறம் கண். நிறம், கலங்கல், நுரையின் தடிமன், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு வாய். வாயில் கொஞ்சம் உருட்டி, விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஆரஞ்சும் மல்லியும் இரண்டாம் முறை தெரிவது அந்த மூச்சில்தான். விழுங்க விரும்பாதவர் துப்பிவிட்டும் அதேபோல் மூச்சு விடலாம். கிளாஸை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றி மறுபடி முகருங்கள். குளிரில் ஒளிந்திருந்த குறைகள் அப்போது வெளியே வரும். ஒரு மாதிரிக்கு 60 முதல் 90 மில்லி தாராளம்.

எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டாம். ஒருவர் "வெண்ணெய் வாசனை" என்றால் அடுத்த நொடியே மேசை முழுக்க வெண்ணெய் மணக்க ஆரம்பித்துவிடும். மூக்கு அவ்வளவு எளிதில் சொல் கேட்கும்.

அண்ணே, ஐஸ் போட்டுக் குடித்தால் என்ன? எலுமிச்சைத் துண்டு?

வெயிலில் களைத்து வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து குடிப்பதற்கு ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, யாரும் தடுக்கப்போவதில்லை. மதிப்பிடும்போது மட்டும் வேண்டாம். ஐஸ் பியரை நீர்க்க வைக்கும், நாக்கை மரக்க வைக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்து, 5 முதல் 7 பாகை செல்சியஸில் தொடங்கினால் சரியாக இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் அது தானாகவே ஏறிவிடும்.

எலுமிச்சையோ ஆரஞ்சோ துண்டு போட்டால் தோலின் எண்ணெய் நுரையை அடக்கிவிடும். காய்ச்சியவர் போட்ட ஆரஞ்சு எது, கடைக்காரர் போட்டது எது என்று தெரியாமல் போகும். துண்டு இல்லாமல் கேளுங்கள்.

கிளாஸ் முக்கியமா?

ஹூகார்டனின் தடித்த ஆறுபட்டைக் கிளாஸ் பார்க்க அழகு. சுவைக்க, வாய் சற்றுக் குறுகிய ஒயின் கிளாஸே போதும். வடிவத்தைவிடச் சுத்தம் முக்கியம். கிளாஸில் எண்ணெய்ப்பசை இருந்தால் நுரை நிற்காது. உதட்டில் இருந்தாலும் அப்படித்தான். வடையும் பகோடாவும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு வரட்டும்.

கலங்கலாக இருக்கிறதே, கெட்டுப்போனதா?

இல்லை. கோதுமையின் புரதமும் மாவுச்சத்தும் ஈஸ்ட்டும் சேர்ந்து தரும் பால் போன்ற கலங்கல் இந்தப் பாணிக்கு உரியது. நாளானால் அடியில் படியும். அதனால் முக்கால் பாட்டிலை ஊற்றிவிட்டு, மீதியை மெல்லச் சுழற்றி அடிவண்டலையும் சேர்த்து ஊற்றுங்கள். கட்டி கட்டியாக மிதந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் பழைய சரக்கு.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

நாங்கள் பின்பற்றுவது அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் தாள். மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தப் பதிவுக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். அழகான நுரையைப் பார்த்து மயங்கி யாரும் பரிசு கொடுத்துவிட முடியாது. 45க்கு மேல் அபூர்வம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 30களின் முதற்பாதி என்றால் காசு கொடுத்துத் திரும்ப வாங்கலாம். 21க்குக் கீழே போனால் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

எண்ணைவிட அதன் பக்கத்தில் எழுதும் வரிதான் எனக்கு முக்கியம். "நன்றாக இருக்கிறது, குடிக்க இதமாக இருக்கிறது" என்பதை வைத்துக் காய்ச்சியவர் எதையும் திருத்த முடியாது. "ஆரஞ்சு நடுத்தரம், தோலின் வெள்ளைப் பகுதியின் கசப்பு பின்சுவையில் தங்குகிறது; கொத்தமல்லி மெல்லியது, புதியது; கோதுமையின் மாவுத்தன்மை போதவில்லை, உடல் (வாயில் உணரும் கனம்) நீர்த்திருக்கிறது" என்று எழுதினால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் தாள்படி மதிப்பெண் குறைவு. எதை நம்புவது?

இரண்டையும். தாள் கேட்பது "இது நல்ல பெல்ஜிய கோதுமை பியரா?" என்பதை, உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை அல்ல. செம்பருத்தியும் அன்னாசியும் போட்ட ஒரு பியர் அருமையாக இருக்கலாம்; இந்தப் பிரிவில் அதற்கு 25 போட்டுவிட்டு, வீட்டுக்கு இரண்டு கேன் வாங்கிக்கொண்டு போகலாம். அதில் முரண் எதுவும் இல்லை.

என்னென்ன குறைகளைக் கவனிக்க வேண்டும்?

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிண்ணத்தில் போட்டு விற்கும் வேகவைத்த சோள வாசனை வந்தால் கொதி போதவில்லை, அல்லது கொதித்த சாறு சீக்கிரம் ஆறவில்லை. வெண்ணெய் அல்லது பாப்கார்ன் வாசனை என்றால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டுக் குளிரவைத்திருக்கிறார்கள். பச்சை ஆப்பிள் வாசனையும் பெரும்பாலும் அதே அவசரம்தான். நனைந்த அட்டைப்பெட்டி மணம் ஆக்சிஜன் புகுந்ததற்கு அடையாளம். வெளிச்சம் பட்ட பாட்டிலில் ஹாப்ஸ் சிதைந்து ஒரு நாற்றம் வரும். பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் அது விரைவு, பழுப்பில் குறைவு, கேனில் வரவே வராது.

லேசான புளிப்பு இந்தப் பாணியில் தவறல்ல, புத்துணர்ச்சி தரும். காடி மாதிரி மூக்கில் குத்தினால்தான் தவறு. குழாயிலிருந்து ஊற்றிய பியரில் காடியோ வெண்ணெயோ தெரிந்தால் உடனே ஆலையைக் குறைசொல்லாதீர்கள். கடையின் குழாய்கள் கழுவப்படாமல் இருந்தாலும் இதே வாசனை வரும். அதே பியரை கேனில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோலாலம்பூரில் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

தேதியை. வேறு எதையும்விட முதலில் தேதியை. இந்தப் பாணி பழசாகப் பழசாகச் சிறக்கும் பியர் அல்ல. ஆரஞ்சும் கொத்தமல்லியும்தான் முதலில் ஓடிப்போகும். மிஞ்சுவது இனிப்பான கோதுமைத் தண்ணீர். பகலில் 32, 33 பாகையைத் தொடும் ஊரில் பியர் குளிர்ப்பெட்டிக்கு வெளியே கிடக்கும் ஒவ்வொரு வாரமும் கணக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு வாரக்கணக்கில் கப்பலில் இருந்திருக்கும், அதன் பிறகு கிடங்கு, பிறகு கடை அலமாரி. ஆகவே வெளியே அடுக்கிய பிரபல பாட்டிலைவிட, குளிர்ப்பெட்டியில் இருக்கும் அண்மைத் தேதி கேன் எப்போதும் மேல். கடைக்காரரிடம் "எப்போது வந்த சரக்கு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அக்கறை உள்ள கடைக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

பெரிய நிறுவனப் பியரோடு சிறு ஆலைகளின் கிராப்ட் பியரை ஒப்பிடுவது நியாயமா?

நியாயம் மட்டுமல்ல, தேவையும்கூட. ஹூகார்டன் இன்று உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனத்துக்குச் சொந்தம். அதனால் அது மோசமான பியர் ஆகிவிடாது. அளவுகோல் கிளாஸாக மேசையில் ஒன்று இருக்கட்டும். நீலப் பாட்டிலில் வரும் 1664 பிளாங்க் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. எனக்கு அதில் இனிப்பும் பழ வாசனையும் தூக்கல், கோதுமை பின்னால் போய்விடுகிறது. சிறு ஆலையின் பியர் இவ்விரண்டையும் வெல்ல வேண்டிய இடம் கோதுமையின் உடலும் மசாலாவின் புது மணமும்தான். பெயரை மறைத்து, எண் ஒட்டிய கிளாஸ்களில் ஊற்றிச் சுவைத்தால் முன்முடிவுகள் நிறைய உடையும்.

விலை ஏன் இவ்வளவு?

பெரும்பங்கு வரி. 2016இல் வந்த முறைப்படி தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட் கலால் வரி. 5 விழுக்காடு உள்ள 330 மில்லி கேனுக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ 2.90 ரிங்கிட் ஆகிறது. 2025 நவம்பரில் அது இன்னும் 10 விழுக்காடு ஏறியது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கேனைப் பகிர்ந்து சுவைப்பது அந்த வகையிலும் நல்லது.

கோதுமை, மல்லி, ஆரஞ்சு எல்லாம் இருப்பதால் உடம்புக்கு நல்லதா?

இல்லை. 330 மில்லியில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மல்லி அதை மாற்றாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் மலிவு சம்சுவும் நம் குடும்பங்களில் எத்தனை வீடுகளைக் கெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் உயிரிழந்தார்கள். அதனால் எங்கள் மேசையில் மாதிரிக் கிளாஸ் சின்னது, தண்ணீர்க் குடுவை பெரியது. குடிக்காதவரை யாரும் வற்புறுத்துவதில்லை. வண்டி ஓட்டுபவர் சுவைப்பதில்லை. 2020 அக்டோபர் முதல் மூச்சில் 100 மில்லிக்கு 22 மைக்ரோகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. எல்.ஆர்.டி. ரயில் இருக்கிறது, கிராப் வாடகைக் கார் இருக்கிறது.

வீட்டில் காய்ச்சிப் பார்க்கலாமா?

மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். மல்லியை வெந்நீரில் போட்டு முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போட்டாயிற்று. இப்போது எதோடு சாப்பிடலாம்?

பெல்ஜியத்தில் வேகவைத்த மஸ்ஸல் சிப்பியோடு குடிப்பார்கள். இங்கே லாலா என்ற சிப்பியை இஞ்சி போட்டு வேகவைத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதுவே எனக்குப் பிடித்த ஜோடி. பொரித்த இறால், தேங்காய்ச் சட்னியோடு தோசை, பினாங்கின் பசெம்பூர் என்ற காய்கறிக் கலவை எல்லாமே சேரும். கசப்பான ஐ.பி.ஏ. வகை பியர் மிளகாய்க் காரத்தை இன்னும் எரிய வைக்கும். இதில் கசப்பு குறைவு, அதனால் ஓரளவு காரம் தாங்கும். மீன்தலைக் கறியின் புளியும் காரமும் மட்டும் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகின்றன. மட்டன் வறுவலுக்கும் இது வேண்டாம். கருமிளகும் வறுத்த மல்லியும் சேர்ந்து பியரின் மல்லியை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும்.